அனகாபுத்தூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

"கடலைக் காப்பாற்ற வேண்டும்" என்று யாராவது அனகாபுத்தூரில் மேடை போட்டுப் பேசினால், கேட்கிற ஜனங்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். அலையோசை கேட்கிற ஊரா அது? தறியோசை கேட்ட ஊர். பக்கத்தில் பம்மல், அதற்கப்பால் பல்லாவரம். கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறிப் பெசன்ட் நகருக்கோ திருவான்மியூருக்கோ போக வேண்டும். "கடல் சமாச்சாரத்தை மீனவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், இங்கே குழாயில் தண்ணீர் வருமா, மழைக்கு வெள்ளம் வருமா என்கிற கவலையே போதும்" என்று ஒருவர் சொன்னால், அது நியாயமில்லாத பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் ஊரின் ஓரமாக ஓடுகிற அடையாறு வேறு கதை சொல்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் வடிநீரும் திருநீர்மலைக்கருகே ஒன்றுசேர்கின்றன. சேர்ந்த ஆறு அனகாபுத்தூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. மீனம்பாக்கம் விமான நிலையத்து ஓடுபாதையின் அடியில் நுழைந்து, மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஊர் ஊராக வளைந்து, கடைசியில் ஊரூர் குப்பத்துக்கும் சீனிவாசபுரத்துக்கும் நடுவே வங்கக் கடலில் விழுகிறது.  அனகாபுத்தூரில் ஆற்றில் எறிந்த பொருள் சென்னை மீனவரின் வலையில் போய் விழக்கூடும்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவை அனகாபுத்தூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. ஆற்றங்கரைத் தெருக்கள் மூழ்கின. அன்று மேலே இருந்த ஏரியில் எடுத்த முடிவு கீழே இருந்த ஊரை அடித்தது. அனகாபுத்தூருக்கு ஏரி எப்படியோ, அப்படித்தான் கடற்கரைக் குப்பங்களுக்கு அனகாபுத்தூர். மேலே இருப்பவர் செய்வதைக் கீழே இருப்பவர் அனுபவிக்கிறார். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், கடலுக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மீனின் தொட்டில்

மீதிப் பாதியை மீன்களிடம் கேட்க வேண்டும்.

ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். அங்கே நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கின்றன. ஆழம் குறைவு, அலை குறைவு, சேறும் இரையும் அதிகம். ஆகவே கடல் மீன்கள் பலவற்றுக்கு முகத்துவாரமே தொட்டில். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு அலையோடு முகத்துவாரத்துக்குள் வந்து, அங்கே தின்று வளர்ந்து, பெரிதானபின் மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. மடவை மீனின் வாழ்க்கையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். அடையாற்றின் வாயில் வீச்சு வலை போடுகிறவருக்குக் கிடைக்கும் மடவையும் இறாலும் மட்டுமல்ல, வெளிக்கடலில் படகுக்காரர் பிடிக்கும் இறாலில் ஒரு பங்கும் இந்தத் தொட்டிலில் வளர்ந்ததுதான்.

இந்தத் தொட்டிலில் சாக்கடை புகுந்தால் என்ன ஆகும்? கழிவு அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. கோடையில் மணல்மேடு வளர்ந்து முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வருவதும் நின்றுவிடுகிறது. அப்போது தேங்கிய தண்ணீரில் குஞ்சுகள் பிழைப்பது அரிது. அடையாற்று முகத்துவாரத்தில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்த செய்தியைச் சென்னைவாசிகள் ஒரு தடவைக்கு மேல் பத்திரிகைகளில் படித்திருக்கிறார்கள். 2019 டிசம்பரில் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கரையெல்லாம் வெண்ணுரை மலைபோல் ஒதுங்கியது. குழந்தைகள் அதில் குதித்து விளையாடினார்கள். அது பாற்கடல் நுரையல்ல. மழை வெள்ளம் ஆறுகளிலிருந்து அடித்துக்கொண்டு வந்த சாக்கடையும் சோப்பு நீரும் அலையில் கடையப்பட்டு எழுந்த நுரை. அந்த நுரைக்கு நடுவேதான் மீனவர்கள் படகை இறக்க வேண்டியிருந்தது.

மீனவர் போட்டுக்கொண்ட கட்டுகள்

கடல் வளம் குறைந்துவிட்டதென்று பேச்சு வரும்போதெல்லாம், "மீனவர்கள் பேராசைப்படுகிறார்கள்" என்று சொல்வது பட்டணத்தில் வழக்கமாகிவிட்டது. இது முழு உண்மையல்ல. கடலில் கட்டுப்பாடு என்பதைச் சர்க்கார் கண்டுபிடிக்கவில்லை. மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்று ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. எந்த வலை போடலாம், எது கூடாது, எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்றெல்லாம் அது முடிவு செய்கிறது. மீறியவருக்கு அபராதம் உண்டு. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் மார்ட்டன் பவிங்க் சோழமண்டலக் கரையில் தங்கி, இந்தப் பஞ்சாயத்துகளை ஆராய்ந்து, 2001-ல் ஒரு நூலே எழுதினார். ஒரு வலையைத் தடுப்பதா வேண்டாமா என்று ஊர் கூடிப் பேசும்போது, அது மீன் வளத்தைக் கெடுக்குமா, மற்றத் தொழில்காரரின் பிழைப்பைக் கெடுக்குமா, ஊரின் பொது நன்மையைக் கெடுக்குமா என்பவையே அங்கே எழும் கேள்விகள். எந்தச் சட்டசபையும் இதைவிட நல்ல கேள்விகளைக் கேட்டுவிட முடியாது.

சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகிறது. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. எல்லாரும் ஒரே சமயத்தில் அங்கே வலை கட்டினால் சண்டை வரும், இறாலும் மிஞ்சாது. ஆகவே கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் சீட்டுப் போட்டு, இன்று இந்த இடம் இன்னாருக்கு, நாளை இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடமும் சுமாரான இடமும் மாறி மாறி எல்லாருக்கும் கிடைக்கும்.

இதைக் கேட்டு, ஏதோ நாட்டுப்புறத்துப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். துருக்கி தேசத்தில் அலன்யா என்ற துறைமுக ஊரின் சிறு மீனவர்கள் 1970-களிலிருந்து இதே மாதிரி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். செப்டம்பரில் சீட்டுப் போடுவார்கள். பிறகு நாளுக்கு ஓர் இடமாக நகர்ந்துகொண்டே போவார்கள். அதைத் தம் நூலில் எடுத்துக்காட்டிய அமெரிக்கப் பேராசிரியை எலினோர் ஆஸ்ட்ரம், பொதுச் சொத்தை மக்களே கூடி ஆள முடியும் என்று நிலைநாட்டியதற்காக 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அலன்யாக்காரரும் பழவேற்காட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை; ஆனாலும் இரண்டு ஊராருக்கும் ஒரே யோசனைதான் தோன்றியது.

பக்கத்துக் கேரளத்தில் கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலும் ஒரு பாடம். அங்கே 1990-களில் மட்டியை அளவு மீறி வாரியதால் விளைச்சல் குறைந்தது. பிறகு மட்டி இனம் பெருகும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாருவதில்லை, சின்ன மட்டியை எடுப்பதில்லை என்று கட்டுப்பாடு வந்தது. விளைச்சல் திரும்பியது. 2014-ல் கடல்வளத்தைக் கெடுக்காத தொழில் என்ற சர்வதேசச் சான்றிதழை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது அந்தக் காயல் தொழில்தான். வயிற்றைக் கட்டிக்கொண்ட மூன்று மாதம் வருஷம் முழுவதற்கும் சோறு போட்டது.

ஊர்க் கட்டுப்பாட்டின் குறைகளையும் மறைக்கக் கூடாது. பழவேற்காட்டுப் பாட்டு முறையில் குறிப்பிட்ட ஊர்களின் குறிப்பிட்ட சமூகத்தாருக்கே இடமுண்டு. ஏரியை நம்பி வாழும் பிறருக்கு இல்லை. மீனைக் கூடையில் சுமந்து தெருத் தெருவாக விற்கும் பெண்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் ஆசனம் கிடையாது. பழையது என்பதால் மட்டும் ஒன்று நியாயமாகிவிடாது. ஆனால் குறை இருக்கிறதென்று முறையையே தூக்கி எறிவதும் புத்திசாலித்தனமல்ல. கட்டுப்பாட்டைத் தாங்குகிறவரே அதை வகுக்க வேண்டும் என்ற அடிப்படை சரி. வகுக்கிற பந்தியில் இன்னும் பல பேருக்கு இலை போட வேண்டும் என்பதே செய்ய வேண்டிய திருத்தம்.

ஒருவர் கட்டினால் போதுமா?

ஊர்க் கட்டுப்பாடு எப்போது தோற்கிறது என்பதையும் இந்தக் கரை கண்டிருக்கிறது. கட்டுக்கு அடங்காத ஒருவர் வெளியிலிருந்து வந்தால் அது தோற்கிறது.

1950-களிலும் 60-களிலும் சர்க்கார் விசைப்படகுகளை ஊக்குவித்தது. நோக்கம் நல்லதுதான், மீன் அதிகம் வேண்டும், ஏற்றுமதி வேண்டும், மீனவர் வாழ்வு உயர வேண்டும். ஆனால் இழுவை மடி கடலின் அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டு கரையருகே வந்தது. கட்டுமரக்காரரின் வலைகள் அறுந்தன. குஞ்சு மீன்கள் அழிந்தன. 1970-களின் பிற்பகுதியில் சென்னைக் கரையில் கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் மோதல் மூண்டு, படகுகள் எரிந்தன. அதன் பலனாகத்தான் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்பது இன்றுள்ள விதி. 2000-ஆம் வருஷத்தில் சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டே நாள், பகல் நேரத்தில் மட்டும் அதை அனுமதித்தது.

பிறகு மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முதலில் 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61 நாளாயிற்று. மீன் இனம் பெருகும் காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுப்பதே இதன் கருத்து. ஓய்வு கடலுக்கு; பட்டினி மீனவருக்கு. நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்துவந்த சர்க்கார், பின்னர் அதை 8,000 ரூபாயாக உயர்த்தியது. இரண்டு மாதத்துக்கு 8,000 ரூபாயில் ஒரு குடும்பம் எப்படி நடக்கும் என்று மாதச் சம்பளக்காரர் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அப்போதுதான் தம் சமையலறையில் வேகும் மீனுக்கு வேறொருவர் கொடுத்த விலை என்ன என்பது புரியும்.

அந்தக் கட்டுகளையும் மீறுகிற மீனவர்கள் இருக்கிறார்கள். கரையோரத்தில் இரவில் மடி இழுக்கிறவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான கடலாமைகள் செத்து ஒதுங்கின. வலைகளில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவை அவற்றில் ஏராளம். ஆமை தண்ணீரில் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி. மடிக்குள் அகப்பட்டுவிட்டால் அதற்கு வழியில்லை. இது வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் இதே கரையில் 1988 முதல் மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஆமை முட்டையிடும் பருவத்தில் நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். 2002-ல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன் மீனவ இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலர்களாக்கியது. முட்டையை எடுத்துத் தின்ற ஊர்களில் முட்டைக்குக் காவல் இருக்கும் பிள்ளைகள் தோன்றினார்கள். தெற்கே பாக் ஜலசந்திப் பக்கத்தில், வலையில் சிக்கிய கடற்பசுவை மீனவர்களே வலையை அறுத்து உயிரோடு விடுகிறார்கள். வலை அறுந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். அந்த வட்டாரத்தில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு சர்க்கார் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. வலையை அறுக்கும் மீனவரின் கையில்லாமல் அந்த அறிவிப்பு காகிதத்தோடு நின்றிருக்கும்.

காலம் கடந்து விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கானடாவின் நியூபவுண்ட்லாந்து கரை சாட்சி. அங்கே காட் மீன் ஐந்நூறு வருஷமாகச் சோறு போட்டது. பெரிய கப்பல்கள் வாரிக் குவித்தன. மீன் குறைகிறதென்று கரையோரச் சிறு மீனவர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள், கேட்பாரில்லை. 1992 ஜூலை 2-ஆம் தேதி அந்த நாட்டுச் சர்க்கார் காட் பிடிப்பதையே நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. 2024-ல்தான், அதுவும் ஓரளவுக்குத்தான், தடை விலகியது. கடலோடு தினம் பழகுகிறவரின் பேச்சை அலட்சியம் செய்ததற்கு ஒரு தேசமே முப்பது வருஷம் அபராதம் கட்டியது.

மேட்டிலிருந்து வரும் கேடு

அடையாற்றுக் கரைக்குத் திரும்புவோர் இப்போது ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். மீனவர் 61 நாள் படகைக் கட்டிவைக்கிறார். சின்னக் கண்ணி வலையைத் தள்ளிவைக்கிறார். ஆமைக்காக இரவில் விழித்திருக்கிறார். இத்தனைக்கும் பிறகு, மேட்டிலிருந்து வரும் சாக்கடை தொட்டிலிலேயே குஞ்சைக் கொன்றுவிட்டால், அவர் கட்டிய கட்டெல்லாம் யாருக்காக?

அன்று ஊர்க் கட்டுப்பாட்டை உடைத்தது இழுவை மடி. இன்று உடைப்பது கழிவுநீர். அன்று வெளியார் கடல்வழியாக வந்தார். இன்று ஆற்றுவழியாக வருகிறார். வித்தியாசம் அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தை மூடியதை எல்லாரும் பார்த்தார்கள். படகும் வலையும் கரிபிடித்து நின்றன. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே ஊர் திரண்டது. அடையாற்றில் இறங்குவது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஆகவே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கிருந்து இறங்குகிறது? தெற்குப் புறநகர்களில் பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத தெருக்கள் பல. அந்த வீடுகளின் கழிவு மழைநீர்க் கால்வாயில் விடப்படுகிறது. கால்வாய் ஆற்றுக்குப் போகிறது. கழிவுநீர் லாரிகளில் சில, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகச் சோம்பி, இருட்டில் ஆற்றோரம் குழாயைத் திறந்துவிடுகின்றன. பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்தது. அதன் கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும் நிலைமை வந்தது. குப்பையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளாஸ்டிக் பை எந்த ஊரில் வீசப்பட்டாலும் முகத்துவாரத்து வலையில்தான் கரையேறுகிறது.

இதற்குப் பரிகாரம் என்ற பெயரில் எப்போதும் முதலில் நடப்பது ஒன்றே ஒன்று. ஆற்றோரத்து ஏழைகளின் வீடுகளை இடிப்பது. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டன. பல வருஷமாக அங்கே குடியிருந்தவர்கள், தொலைதூரத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளம் வரும் இடத்தில் ஜனங்கள் குடியிருப்பது ஆபத்து என்பது வாஸ்தவம். ஆனால் ஆற்றை அசுத்தமாக்குவது கரையிலிருக்கும் வீடு மட்டுமா? ஒரு மைல் தள்ளி மாடியில் இருந்துகொண்டு கால்வாயில் குழாயை விட்டவரின் கழிவும் அதே ஆற்றில்தான் ஓடுகிறது. அவர் வீட்டுக்கு எந்த யந்திரமும் வருவதில்லை. குடிசையை எடுத்துவிட்டுச் சாக்கடையை விட்டுவைத்தால் கரை பார்வைக்கு அழகாகலாம்; மீன் பிழைக்காது.

தறிக்காரருக்குத் தெரியும்

அனகாபுத்தூர்க்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தொழில் வெளியார் முடிவினால் எப்படிச் சாகும் என்பதை அந்த ஊர் அனுபவித்திருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஆப்பிரிக்காவின் நைஜீரியாவுக்குக் கப்பலேறிப் போயிற்று. 1970-களில் அந்த நாடு இறக்குமதித் துணிக்குத் தடை போட்டது. எங்கோ ஒரு தலைநகரில் போட்ட கையெழுத்து, அனகாபுத்தூர்த் தெருவில் தறியை நிறுத்தியது. நெசவாளர் ஒரு தவறும் செய்யவில்லை. நூல் சரியாக இருந்தது. சாயம் சரியாக இருந்தது. கை சரியாக இருந்தது. ஆனாலும் பிழைப்புப் போயிற்று. மிஞ்சிய நெசவாளர்கள் சோர்ந்துவிடாமல் வாழை நாரிலும் பிற இயற்கை நார்களிலும் சேலை நெய்து ஊரின் பெயரை மறுபடி நாடறியச் செய்தார்கள்.

ஊரூர் குப்பத்து மீனவரின் நிலைமையும் இதுதான். வலை சரியாக இருக்கிறது, கை சரியாக இருக்கிறது, தண்ணீர்தான் சரியில்லை. அந்தத் தண்ணீர் கெடுகிற இடம் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. நெசவாளருக்கு நேர்ந்தது மீனவருக்கு நேராமல் தடுக்க ஒருவரால் முடியுமானால், அந்த ஒருவர் ஆற்றின் மேட்டில் குடியிருப்பவர்தான்.

என்ன செய்யலாம்?

முதலாவது, சாக்கடைக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். அனகாபுத்தூர் நகராட்சி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. மாநகராட்சி என்ற பெயருக்குப் பொருள் பெயர்ப்பலகையில் இல்லை. தெருவின் அடியில் இருக்கிறது. ஆற்றுக்குள் திறக்கும் ஒவ்வொரு வாயையும் எண்ணி, அது யாருடையது என்று வெளிப்படையாக எழுதி ஒட்டட்டும். லாரிக்காரர் இரவில் குழாய் திறந்தால் தகவல் சொல்ல ஊராருக்கு வழியும், சொன்னவருக்குப் பாதுகாப்பும் வேண்டும். ஆற்றங்கரையில் பூங்காவும் நடைபாதையும் அதற்குப் பிறகு வரட்டும்.

இரண்டாவது, அடையாற்றைப் பற்றி முடிவெடுக்கிற குழுக்களில் இன்ஜினீயர்களும் அதிகாரிகளும் இருப்பது சரி. அவர்களோடு முகத்துவாரத்து மீனவருக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும், அனகாபுத்தூர் போன்ற கரையோரக் குடியிருப்புகளின் பிரதிநிதிகளுக்கும் ஓட்டுள்ள ஆசனம் வேண்டும். மணல்மேட்டை எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்பது வாடைக் காற்றையும் கச்சான் காற்றையும் முகத்தில் வாங்கிப் பழகியவருக்குத் தெரியும். ஜப்பானில் 1949-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டம் கரையோரக் கடலில் மீன்பிடிக்கும் உரிமையை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கே கொடுத்தது. உரிமை இருப்பவருக்குத்தான் காவல் காக்கும் அக்கறையும் இருக்கும். இங்கே மீனவரிடம் கேட்பது காவலை மட்டும். உரிமையைக் கொடுக்க மட்டும் மனம் வருவதில்லை.

மூன்றாவது, சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். 5 கடல் மைல் விதி காகிதத்தில் இருந்து பயனில்லை. தடைக்காலத்தில் படகைக் கட்டிய மீனவருக்கு வயிறு நிறைய நிவாரணம் கொடுத்துவிட்டு, மீறுகிறவரிடம் கண்டிப்பைக் காட்டினால் கேட்பதற்கு நியாயம் இருக்கும். 2004 சுனாமிக்குப் பின் கணக்குப் பார்க்காமல் படகுகளை வாரி வழங்கியதில், இழந்ததைவிட அதிகப் படகுகள் பல ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

நான்காவது யோசனைக்குச் சர்க்காரும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். அது கடைத்தெருவில் நடக்க வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தப் புறநகர்க் கடைத்தெருவிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"ஏம்மா, வஞ்சிரம் இவ்வளவு பொடிசா இருக்கே?"

"இன்னாம்மா பண்றது? வலையில வர்றதத்தானே கொண்டாற முடியும்! பெரிசு எங்கம்மா கெடைக்குது? நீ வாங்கலேன்னா அடுத்த வூட்டு அம்மா வாங்கிட்டுப் போவுது."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடுத்த வீட்டம்மாளும் வாங்காவிட்டால்? ஒருமுறைகூட முட்டையிடாத குஞ்சு மீனை வாங்குவது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்குச் சமம். ஊரில் நாலு தெருக்காரர் சேர்ந்து, பொடி வஞ்சிரம் வேண்டாம், அதற்குப் பதில் நெத்திலியோ மத்தியோ போதும் என்று நின்றுவிட்டால், அந்தச் செய்தி மறுநாள் காலையில் காசிமேட்டு ஏலத்துக்குப் போய்ச் சேரும். நெத்திலி பிறப்பிலேயே சின்ன மீன். அதை உண்பதில் பாவமில்லை. வஞ்சிரம் வளர வேண்டிய மீன். அதற்கு வளர அவகாசம் கொடுப்பது மீன் வாங்கும் கையிலும் இருக்கிறது.

இத்தனையும் செய்தால் அடையாறு நாளைக்கே தெளிந்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. பல வருஷத்து அழுக்கு சில மாதத்தில் போகாது. ஆனால் பழவேற்காட்டில் சீட்டுப் போடுகிறவர்களும், அஷ்டமுடியில் மூன்று மாதம் காத்திருந்தவர்களும், கடற்பசுவுக்காக வலையை அறுத்தவர்களும் ஒன்றைக் காட்டிவிட்டார்கள். சாதாரண ஜனங்கள் கூடி உட்கார்ந்து தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ள முடியும்; அதனால் கடல் பிழைக்கவும் முடியும். கடற்கரைக்காரர் தம் பங்கைச் செய்ய ஆரம்பித்து வெகுநாளாகிறது. இனி ஆற்றங்கரைக்காரரின் முறை.

அடுத்த தடவை அனகாபுத்தூரில் யாராவது மேடை போட்டுக் கடலைக் காப்பாற்ற வேண்டுமென்று பேசினால், ஜனங்கள் சிரிக்க வேண்டாம். மேடைக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றை ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும். காப்பாற்ற வேண்டிய கடல் அங்கிருந்தே ஆரம்பமாகிறது.